பூமி அதிர்ந்த இடம் நமக்கு எவ்வளவு தூரம்?

2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. நம்ம கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நமக்குத்தான் சேதி வரவில்லை.

இப்போது தூரத்தை நாமே போனில் அளந்து பார்க்கலாம் சகோதரிகளே. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கும். சுமத்ராவுக்கு 3.295, 95.982. இதை நடுவில் கமா போட்டு அப்படியே கூகுள் மேப்பில் தேடினால் கடலில் ஒரு குறி விழும். அதைத் தொட்டு, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, படத்தை நம்ம ஊர் வரை நகர்த்த வேண்டும். நாகப்பட்டினத்துக்கு சுமார் 1,960 கிலோமீட்டர் காட்டும். இது பஸ் போகிற தூரம் இல்லை, கயிறு பிடித்த மாதிரி நேர்த் தூரம்.

தூரத்தை மட்டும் வைத்து ஆபத்தைச் சொல்லிவிட முடியாது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது. சென்னையிலும் உணர்ந்தார்கள். ஆனால் பூமி பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. இதைக் கணித்துச் சொல்ல ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கடல் திடீரென்று உள்வாங்கினால் போனை எடுத்து அளந்துகொண்டு நிற்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.