தொப்பி ஆரிட்ட? ஐந்து பிள்ளைகளோடு புன்ரா கானாவில் ஒரு வாரம்

மார்ச் மாதப் பாடசாலை விடுமுறை தொடங்கும்போது ரொறொன்ரோவில் இன்னும் குளிர் விட்டிருக்காது. ஜக்கெற், சப்பாத்து, கையுறை என்று மாதக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கழற்றிக் களைத்துப்போன ஒரு அம்மாவுக்கு நீலக் கடலும் தென்னை மரமும் உள்ள ஒரு படத்தைக் காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த முறை நானும் விழுந்துவிட்டேன்.

போனது டொமினிக்கன் குடியரசில் உள்ள புன்ரா கானாவுக்கு. என்னுடைய மூன்று பிள்ளைகள்: எட்டு, ஆறு, மூன்றரை வயது. தங்கச்சியின் இரட்டையர்களுக்கு ஐந்து. பெரியவர்கள் ஆறு பேர்: நான், இவர், தங்கச்சி, அவளின் கணவர், அம்மா, அப்பா. ஐந்து பிள்ளைகளுக்கு ஆறு பெரியவர்கள். கணக்கைப் பார்த்தால் ஒரு ஆள் மிச்சம். அந்தக் கணக்கை நம்பித்தான் போனோம்.

எல்லாம் நல்லாத்தான் தொடங்கியது

சின்னப் பிள்ளைகளோடு போவதற்கு அந்த இடம் வசதியானது என்பதை மறுக்க மாட்டேன். நேரடி விமானத்தில் நாலு மணித்தியாலம் சொச்சம். மார்ச் நடுப்பகுதியில் ரொறொன்ரோவுக்கும் அங்கேயும் ஒரே நேரம்தான். அதனால் பிள்ளைகளின் நித்திரை குழம்பவில்லை. எல்லாச் செலவும் அடங்கிய விடுதி என்பதால் கையில் பட்டி கட்டிவிட்டால் சாப்பாட்டுக்கும் யூஸுக்கும் காசு எண்ணத் தேவையில்லை.

அம்மா மரக்கறி. "அங்க எனக்கு என்ன கிடைக்கப்போகுது" என்று புளிச்சாதப் பொடி, மோர் மிளகாய், மிக்ஸர் எல்லாம் சூட்கேஸில் அடைந்துகொண்டு வந்தா. முதல் நாள் காலையில் மங்கூ என்று ஒரு சாப்பாடு வைத்திருந்தார்கள். அவித்து மசித்த வாழைக்காய், மேலே வினாகிரியில் போட்ட சிவப்பு வெங்காயம். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கட வாழைக்காய்தானே" என்று மோர் மிளகாயை எடுத்து வெளியே வைத்தா. மரவள்ளிக்கிழங்கு மாவில் சுட்ட ரொட்டியும் இருந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பிரச்சினை என்ற பேச்சே இல்லை.

இருந்த ஒரே வாக்குவாதம் வெயில் பற்றியது. "பிள்ளையள் கறுத்துப்போகுங்கள், நிழலுக்கு வாங்கோ" என்று அம்மா கூப்பிட, "கறுத்தால் என்ன அம்மம்மா?" என்று மூத்தவள் கேட்டாள். அம்மாவிடம் பதில் இல்லை. நானும் அதை அப்படியே விட்டேன். ஆனால் நிழலுக்குக் கூப்பிட்டேன், வேறு காரணத்துக்காக. எங்கள் தோலும் எரியும். சன்ஸ்கிறீனை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும். கறுப்புத் தோலுக்கு அது தேவையில்லை என்ற கதையை நம்பி முதல் நாளே தோளில் எரிவு வாங்கியவர் என்னுடைய வீட்டுக்காரர்.

மூன்றாம் நாள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் பூலடியில் இருந்தோம். எல்லாரும் என்றால் எல்லாரும். இவர் எழும்பி, "யூஸ் எடுத்துக்கொண்டு வாறன், பிள்ளையளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சி தன் மகளின் தலைமயிரைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவளின் கணவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணயர்ந்திருந்தார். நான் வேலையிடத்திலிருந்து வந்த ஒரு மெசேஜுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வரிதான்.

குடைக்குக் கீழே இருந்த அம்மா கேட்டா: "இவன் ஏன் சத்தமில்லாமல் நிக்கிறான்?"

நிமிர்ந்து பார்த்தேன். என்னுடைய கடைக்குட்டி சிறு பிள்ளைகளின் பகுதியிலிருந்து ஒரு படி தாண்டி ஆழமான பக்கத்துக்குப் போயிருந்தான். தலை பின்னால் சரிந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. கைகள் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தன. கத்தவில்லை. தண்ணீரை அடிக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுகிற பிள்ளைதான்.

உடுப்போடு குதித்தேன். தூக்கியதும் இருமினான், சத்தி எடுத்தான், பிறகு அழுதான். அந்த அழுகையைப்போல் ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. விடுதித் தாதி வந்து பார்த்துவிட்டு, சில மணித்தியாலங்களுக்கு இவனைக் கவனமாகப் பாருங்கள், இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, வழமைக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலோ உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள் என்றா. அப்படி எதுவும் நடக்கவில்லை. பின்னேரம் ஐஸ்கிறீம் கேட்டான்.

எனக்குத்தான் அன்று இரவு நித்திரை வரவில்லை.

"பாருங்கோ" என்று ஆரைச் சொன்னது?

பிள்ளைகள் படுத்த பிறகு பல்கனியில் சண்டை தொடங்கியது. "நான் சொல்லிப்போட்டுத்தானே போனனான்" என்றார் இவர். "ஆரிட்டச் சொன்னனீங்கள்?" என்றேன். "எல்லாரிட்டயும்."

அதுதான் பிழை என்று அப்போது விளங்கியது. "பாருங்கோ" என்று ஐந்து பேருக்குச் சொன்னால் ஒருவருக்கும் சொல்லாததுபோல. தங்கச்சி நான் பார்க்கிறேன் என்று நினைத்தாள். நான் அம்மா பார்க்கிறா என்று நினைத்தேன். எங்கள் குடும்பங்களில் பிள்ளையை எல்லாரும் சேர்ந்து வளர்ப்பது எங்களுடைய பலம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டு விறாந்தையில் அது வேலை செய்யும். தண்ணீருக்குப் பக்கத்தில் வேலை செய்யாது.

அதுவரை பேசாமலிருந்த அம்மா மெதுவாகச் சொன்னா: "எனக்கு நீந்தத் தெரியாது பிள்ளை. அவன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பன்? ஐஞ்சு பிள்ளையையும் பார்க்கிறதுக்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அது உண்மை. ரிக்கெற் வாங்கும்போதே, "அம்மா இருக்கிறாதானே" என்று நானும் தங்கச்சியும் ஃபோனில் கதைத்திருந்தோம். அம்மாவுக்கு விடுமுறை என்று சொல்லிக் கூட்டிவந்து, கடற்கரையில் அதே வேலையைத்தான் கொடுத்திருந்தோம்.

அப்பாவின் ஷிப்ட்

வழி கண்டுபிடித்தவர் அப்பா. கனடா வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். "மெஷினை விட்டுப்போட்டு நாங்கள் போறேல்ல. அடுத்த ஆள் வந்து, முகத்தைப் பார்த்து, நான் எடுத்திட்டன் எண்டு சொன்னால்தான் போவம்" என்றார். தன்னுடைய சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து இதுதான் எங்கள் சட்டம். தொப்பி போட்டவர் தண்ணீரைப் பார்ப்பார், வேறு ஒன்றும் செய்யமாட்டார். ஃபோன் இல்லை, புத்தகம் இல்லை, பியர் இல்லை, கதை இல்லை. ஒரு முறைக்கு இருபது நிமிடம். மாற்றும்போது தலையை எண்ணி, "ஐஞ்சு பேர், தொப்பி உன்னட்ட" என்று சொல்ல, மற்றவர் "தொப்பி என்னட்ட" என்று சொல்லவேண்டும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தொப்பி. அதனால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விடுதலை. கடைக்குட்டிக்கு மட்டும் இன்னொரு சட்டம்: தண்ணீரில் நின்றால் கூடவே ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தொப்பி என்னிடம் இல்லாத நேரத்தில் நான் உண்மையாகவே ஓய்வாக இருந்தேன். முதல் மூன்று நாளும் எல்லாரும் அரைக்கண்ணால் பார்த்து, அரைமனதோடு இருந்தோம். நாலாம் நாள் நானும் இவரும் இருபது நிமிடம் கடற்கரையில் தனியாக நடந்தோம். மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.

போகமுதல் தெரிந்திருந்தால் நல்லது

- தண்ணீரில் மூழ்குவது படத்தில் காட்டுவதுபோல் இல்லை. பெரும்பாலும் சத்தமே வராது. மூச்செடுக்கத் திணறும் பிள்ளையால் கத்த முடியாது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே பாருங்கள்.
- காற்றடைத்த கைப்பட்டி, வளையம் எல்லாம் விளையாட்டுச் சாமான். சரியான அளவிலான லைஃப் ஜக்கெற்றை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். அது போட்டிருந்தாலும் கண் எடுக்கக்கூடாது.
- நீலம், வெள்ளை நீச்சல் உடுப்பு தண்ணீருக்குள் தெரியாது. செம்மஞ்சள், கடும் இளஞ்சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறம் வாங்குங்கள்.
- பதியுமுன் விடுதியிடம் கேளுங்கள்: பிள்ளைகளின் பூலில் உயிர்காப்பாளர் இருக்கிறாரா? எங்கள் விடுதியில் கடற்கரையில் இருந்தார், பூலில் இல்லை. நாங்கள் கேட்கவேயில்லை.
- கடற்கரைக் கொடியைத் தினமும் பாருங்கள். சிவப்பு என்றால் கால்கூட நனைக்க வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வரவேண்டும்.
- டொமினிக்கன் குடியரசுக்குப் போகமுதல் ஒன்லைனில் ஈ-ரிக்கெற் படிவம் நிரப்பவேண்டும், பிள்ளைகளின் விபரமும் சேர்த்து. அதற்குக் கட்டணமில்லை. அப்பாவோ அம்மாவோ இல்லாமல் பிள்ளை பயணம் செய்தால் வராதவரின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கட்டும்.

கனடாவில் லைஃப்சேவிங் சொசைற்றி சொல்லித்தரும் அடிப்படை மூன்று: ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது, 50 மீற்றர் நீந்துவது. எட்டு வயது மகளால் மூன்றும் முடியும். நான் செய்து பார்த்தேன். 50 மீற்றரில் பாதியில் சுவரைப் பிடித்துவிட்டேன். இப்போது நானும் தங்கச்சியும் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்புக்குப் போகிறோம். அம்மாவையும் கேட்டோம். "பாப்பம்" என்றா. அம்மாவின் "பாப்பம்" பாதி ஓம்.

கடைசி நாள் பின்னேரம் கடல் அமைதியாக இருந்தது. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால்வரை இறங்கினா. இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்திருந்தார்கள். மூத்தவள் திரும்பி என்னைப் பார்த்து, "அம்மம்மாவையும் எண்ணுங்கோ அம்மா" என்றாள்.

அன்றைய கணக்கு ஆறு. தொப்பி என்னட்ட இருந்தது.