மாலைக் கூட்டமும் பிடியரிசியும்

விருதுநகர்ப் பேட்டையில் வியாபாரிகள் தங்கள் சரக்கின்பேரில் ஒரு பங்கை ஒதுக்கி, மகமை என்ற பெயரில் பொதுக் காரியங்களுக்காகச் சேர்த்துவந்தார்கள். 1885-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலைக்கு, வீடுதோறும் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டுவைத்த பிடியரிசி ஊட்டமாயிருந்ததையும், அந்தப் பள்ளியிலே பாலப்பிராயத்தில் படித்த காமராஜர் பிற்காலத்தில் ராஜ்யமெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்ததையும் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். ரோட்டரி, லயன்ஸ் முதலிய சேவைச் சங்கங்களைக் கடல் கடந்து வந்த புதுமை என்று சொல்லுகிறவர்களோடு என் மனம் முழுதும் ஒப்பாமைக்கு அந்தக் கலயமே காரணம்.

1905-ஆம் வருஷம் பிப்ரவரி 23-ஆம் தேதி சிகாகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலும், ஒரு நிலக்கரி வியாபாரியும், ஒரு தையற்கடைக்காரரும், ஒரு சுரங்கப் பொறியாளரும் கூடினார்களே, அவர்கள் அன்று நாடியது தர்மத்தை அல்ல. பெருநகரத்தின் தனிமைக்கு மருந்தாகிய சிநேகத்தைத்தான். முறைவைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடியதனால் சுழற்சி என்னும் பொருளில் ரோட்டரி என்ற பெயர் ஏற்பட்டது. நட்பு முற்றிய பிறகே ஊருக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்ற எண்ணம் எழுந்து, 1907-இல் சிகாகோவில் பொதுக் கழிப்பிடம் அமைக்க அவர்கள் முயற்சி எடுத்தார்கள். 1917-இல் தோன்றிய லயன்ஸ் சங்கத்தாரை 1925-இல் ஹெலன் கெல்லர் அம்மையார் நேரில் வேண்டிக்கொண்டதிலிருந்து, கண்ணொளி அவர்களுடைய விசேஷ விரதமாயிற்று.

சிவகாசியில் இப்படிப்பட்ட சங்கத்தின் மாலைக் கூட்டம் ஒன்றைப் பார்த்தவர்கள் முதலில் சற்றே முகம் சுளிக்கக்கூடும். அச்சக அதிபர், காகித வியாபாரி, பட்டாசு ஆலையாகிய பயர் ஆபீஸின் முதலாளி, பல் வைத்தியர், வங்கி மேலாளர் எல்லாரும் குடும்பத்தோடு வந்து அமர்ந்திருக்க, பிறந்தநாள் வாழ்த்தும், பிள்ளைகளின் பாட்டும், தம்போலாவும், கடைசியில் விருந்துமாகப் பொழுது கழிகிறது. இந்தச் செலவை ஏழைகளுக்கே நேராகக் கொடுத்துவிடலாகாதா என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியவன்தான். அந்த அபிப்பிராயத்தை மாற்றியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த கண் சிகிச்சை முகாம்.

1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென்ஜில்லாக்களில் இத்தகைய முகாம்களை ஒரு முறையாகவே வகுத்துவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொல்லுவதும், இடமும் பந்தலும் சாப்பாடும் ஏற்பாடு செய்வதும் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. வைத்தியர்களும் சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. புரை முற்றியவர்களை அன்றே பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துச் சென்று, அறுவை செய்து, லென்ஸ் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். நோயாளிக்கு ஒரு காசு செலவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முகாமில், தீப்பெட்டி ஒட்டியே ஆயுளைக் கழித்த ஒரு மூதாட்டி, எந்தக் கண் என்று தெரிவதற்காக நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரியோடு, மாற்றுச் சேலை வைத்த மஞ்சள் பையை மார்போடு அணைத்தவாறு பஸ் படியில் தயங்கி நின்றாள். “ஏய்யா, ராத்திரிக்குத் திரும்பிருவனா? வீட்ல ஆடு ரெண்டு கட்டிக் கெடக்கு” என்றாள். அறுவையைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. ஆடுகள் பட்டினி கிடக்குமே என்பதுதான் கவலை. பக்கத்தில் நின்ற சங்கத்து அன்பர், அவள் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு, அவ்வூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தம் சங்க நண்பருக்குப் போன் செய்தார். “ஆத்தா, நீ வர்ற வரைக்கும் ஆட்டுக்குக் கொழை போட்டுருவாக, நீ ஏறு” என்றார். அவள் ஏறினாள். மாலைக் கூட்டங்களில் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ட பழக்கம் இல்லாவிட்டால் அந்தப் போனும் இல்லை, அந்த அறுவையும் இல்லை. பிடியரிசி சேர்ந்ததும் தெருவில் ஒருத்தி வீட்டுக் கலயத்தை மற்றொருத்தி அறிந்திருந்ததனால்தானே?

இளம்பிள்ளைவாத ஒழிப்பிலும் இதே கதைதான். ஊர்தோறும் சொட்டு மருந்து நாளில் மேசை போட்டு உட்கார்ந்தவர்களில் ரோட்டரிக்காரர்கள் பலர். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்நோயின் இயற்கைக் கிருமி ஒரு குழந்தையையும் தீண்டவில்லை. 2014 மார்ச்சில் அதற்குரிய நற்சான்றும் கிடைத்தது.

ஆனால் இந்தச் சிவகாசிப் பிரதேசத்துக்கென்று ஒரு துயரம் உண்டு. அதற்குச் சங்கங்கள் செய்தது போதாது என்பதை மனம் நொந்தே எழுதுகிறேன். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு விபத்தில் முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள்; உதவச் சென்றவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் அடக்கம். அதன் பின்னும் விபத்துகள் நின்றபாடில்லை. மாண்டவர் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவிக்கிறார்கள்; சங்கத்தார் ரத்தம் கொடுக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் பழமும் போர்வையும் கொண்டுபோகிறார்கள், படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் வீடு திரும்புகிறவன் கதி என்ன? தீப்புண் ஆறும்போது தோல் சுருங்குகிறது. சரம் பின்னிய விரல்கள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாதக்கணக்கில் இறுக்கமான உறை அணிந்து, இயன்முறை வைத்தியரிடம் போய்வந்தாலன்றி அவை மீண்டும் நிமிர்வதில்லை. ஒவ்வொரு தடவையும் பஸ் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும் சேர்ந்து, மூன்றாவது தடவையிலேயே அவன் நின்றுவிடுகிறான்.

கண் முகாமுக்கு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த சங்கங்களுக்கு இந்தக் குறையைப் போக்குவது அசாத்தியமான காரியமன்று. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சங்கத்து அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு: மாதத்துக்கு ஒரு மாலை விருந்தின் செலவை, தீப்புண் பட்டு வீடு திரும்பிய ஒருவருடைய போக்குவரத்துக்கும், கை உறைக்கும், கூலிக்குமாக ஒதுக்குங்கள், உங்களில் ஒருவர் அவரோடு கூடப் போய் வாருங்கள், அவர் தாமே சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும் வரையில் அவருடைய பெயரை உங்கள் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்காதீர்கள்.