ஓயாத பென்சில்

வெண்திரையிலே ஒரு முயல் துள்ளி ஓடுவதைக் கண்டு நம் இல்லத்துக் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். அந்த ஓட்டத்தின் ஒரே நொடிக்குப் பின்னால் எத்துணை உழைப்பு மறைந்திருக்கிறது என்பதை அவர்கள் அறியார்; அருகில் அமர்ந்திருக்கும் பெற்றோராகிய நாமும் பெரும்பாலும் அறியோம். திரைப்படச் சுருள் நொடிக்கு 24 கட்டங்கள் வீதம் ஓடுகிறது. எனவே அசைவு முழுமையாக அமைய ஒரு நொடிக்கு 24 ஓவியங்கள் வேண்டும். ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம் பிடித்துச் சிக்கனம் செய்தாலும் 12 வேண்டும்.

கணினி வந்தபின் இவ்வேலையின் பெரும்பகுதி வேறு வழியிற் சென்றுவிட்டது. ஆயினும் காகிதமும் பென்சிலுமே துணையாக வாழ்நாளைக் கழித்த கலைஞர்கள் அண்மைக்காலம் வரை இருந்தனர். அவர்களுள் தலையாய ஒருவர் ரிச்சர்ட் வில்லியம்ஸ். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1933ஆம் ஆண்டு பிறந்து, இங்கிலாந்தில் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவர்.

அவருடைய தாயாரும் ஓவியரே. ஐந்து வயதில் அச்சிறுவன் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தைப் பார்த்தான். அன்று பிடித்த பைத்தியம் பின்பு நீங்கவேயில்லை. பதினைந்தாம் வயதில் பேருந்து ஏறி, கண்டத்தையே குறுக்காகக் கடந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகிலுள்ள டிஸ்னி படக்கூடத்தைக் காணச் சென்றான். அங்கே பெரியவர் ஒருவர் கூறிய அறிவுரை இதுதான்: முதலில் வரையக் கற்றுக்கொள், படத்தை ஓடவைப்பது பின்னர் ஆகட்டும். ஆர்வத்தோடு வந்த பிள்ளைக்கு இது ஏமாற்றமாகவே இருந்திருக்கும். ஆனால் அவ்வறிவுரையை அவர் தம் எண்பது வயது கடந்தும் கைவிடவில்லை.

சர்க்கஸ் கூடாரத்தின் அருகே

ஓவியக் கல்லூரியிற் பயின்றபின் கார்ட்டூன் ஆசை சற்றே தணிந்து, வண்ண ஓவியராகவே வாழ எண்ணி அவர் ஸ்பெயின் நாட்டுக்குச் சென்றார். அங்கே 1953இல் ஒரு சிறு சர்க்கஸ் கூட்டத்தினரைக் கண்டார். பகட்டில்லாத எளிய கூட்டம். கோமாளிகளையும் வித்தை காட்டுவோரையும் இசைக்கருவி வாசிப்போரையும் தம் ஏட்டில் விரைந்து விரைந்து வரைந்துகொண்டார். அவ்வேட்டைப்பற்றிப் பின்னர் ஒருமுறை பேச வேண்டியிருக்கிறது. வாசகர்கள் அதை நினைவில் வைத்திருப்பார்களாக.

உருவப்படம் வரைபவர் தம்முன் இருப்பவரை அசையாமல் இருக்கச் சொல்வார். அசையும் ஓவியத்தைப் படைப்பவருக்கோ அசையாதிருப்பவரால் ஆகும் பயன் குறைவு. தெருவில் நடப்பவரின் எந்தக் காலில் உடலின் பாரம் இறங்குகிறது, சுமை தூக்கியவரின் இடுப்பு எப்பக்கம் ஒடிகிறது, முதியவர் நாற்காலியிலிருந்து எழுமுன் கைகளை எங்கே ஊன்றுகிறார் என்பனவே அவருக்கு வேண்டியவை. நடை என்பது முன்னோக்கி விழத் தொடங்குவதும், விழுந்துவிடாமல் அடுத்த காலால் தடுத்துக்கொள்வதுமே என்று வில்லியம்ஸ் மாணவர்களுக்கு விளக்குவதுண்டு. நம் வீட்டுக் குழந்தை முதலடி வைக்கும்போது பார்த்தால் இது முற்றிலும் உண்மை என்பது விளங்கும்.

தாம் வரைந்த ஓவியங்கள் அசைய வேண்டும் என்ற ஏக்கம் மீண்டும் தலையெடுக்கவே, 1955இல் இலண்டன் மாநகருக்கு வந்து சேர்ந்தார். கையிற் பணமில்லை. அந்நாளில் இங்கிலாந்தில் வணிக விளம்பரங்களுடன் கூடிய தொலைக்காட்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அரை நிமிடத்துக்குள் ஓடி மறையும் விளம்பரக் கார்ட்டூன்களுக்குத் தேவை மிகுந்தது. மாதச் சம்பளம் இல்லாத ஓவியருக்கு அதுவே சோறு போட்டது. வேலை வந்தால் இரவு பகல் பாராத உழைப்பு. வராவிட்டால் வாடகைக்கும் கவலை.

ஊரார் துணிகளைப் பகலெல்லாம் தைத்து முடித்து, இரவிலே தன் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தையற்காரரை நாம் அறிவோம். வில்லியம்ஸின் வாழ்க்கையும் அத்தகையதே. விளம்பர வேலையில் ஈட்டிய பணத்தைக் கொண்டு மூன்று ஆண்டுகள் பாடுபட்டு, 'தி லிட்டில் ஐலண்ட்' என்ற அரைமணி நேரப் படத்தை 1958இல் முடித்தார். ஒரு தீவில் மூன்று மனிதர். ஒருவர் உண்மையை மட்டும் போற்றுபவர், ஒருவர் அழகை, மற்றவர் நன்மையை. ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் மூவரும் படும் பாடே கதை. இளைஞர் ஒருவரின் முதற்படத்துக்குப் பிரிட்டிஷ் திரைக் கழகத்தின் பரிசு கிடைத்தது.

மீண்டும் மாணவர்

விளம்பரங்களோடு, பிறருடைய திரைப்படங்களுக்குத் தலைப்புக் காட்சிகள் வரையும் வேலையும் வந்தது. 1968இல் வெளியான 'தி சார்ஜ் ஆப் தி லைட் பிரிகேட்' படத்துக்காக, சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட பத்திரிகைச் சித்திரங்களின் பாணியில் அவர் அமைத்த காட்சிகள் புகழ்பெற்றன. சொந்தப் படக்கூடமும் அமைந்துவிட்டது. இந்நிலையில் வேறொருவராயின் மார்தட்டிக்கொண்டிருப்பார். வில்லியம்ஸோ, டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' படத்தைப் பார்த்துவிட்டு, தமக்கு இத்தொழிலின் அடிப்படையே சரிவரத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

உடனே அமெரிக்காவின் முதுபெரும் கலைஞர்களைத் தேடினார். கென் ஹாரிஸ், கிரிம் நாட்விக், ஆர்ட் பாபிட் ஆகியோர் இலண்டனுக்கு வந்து அவருடைய கூடத்தில் பணியாற்றினர். கூடத்தின் உரிமையாளராகிய வில்லியம்ஸ், கென் ஹாரிஸுக்கு உதவியாளராக அமர்ந்து இடை ஓவியங்கள் வரைந்தார். இடை ஓவியம் என்பது யாது? தேர்ந்த கலைஞர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை நிரப்புவது உதவியாளர் கடன். அடியிலிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசையில், காகிதங்கள் நழுவாதபடி சிறு முளைகளில் மாட்டி, முன் தாளையும் பின் தாளையும் விரலிடுக்கிற் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வரைதல் வேண்டும். ஒரு கோடு இம்மி பிசகினாலும் திரையில் அது நடுங்கும். முதலாளியே இவ்வேலைக்கு அமர்ந்ததை நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

டிஸ்னி கூடத்தின் மாபெரும் கலைஞரான மில்ட் கால் என்பவரைக் காணும் பேறும் அவருக்குக் கிட்டியது. வேலை செய்யும்போது இசை கேட்பதுண்டா என்று வில்லியம்ஸ் வினவினாராம். அவ்வளவுதான், பெரியவருக்குக் கோபம் பொங்கிவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டதை நினைக்கத் தமக்கு மூளை போதாது என்று இரைந்தாராம். அன்று முதல் வில்லியம்ஸின் மேசையருகே வானொலி ஒலிக்கவில்லை. (வானொலியைப் பாடவிட்டுக் கணக்குப் போடும் நம் மாணவச் செல்வங்களிடம் இதைச் சொன்னால் கேட்பார்களோ, தெரியவில்லை.)

இவ்வாறு கற்றதன் பயனைச் சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்து பிறப்பு விழாக் கதையைத் தழுவி 1971இல் அவர் எடுத்த குறும்படத்தில் காணலாம். பழைய செதுக்கோவியங்களைப்போல் நுண்கோடுகளால் நிரம்பிய அப்படம் 1973இல் ஆஸ்கார் பரிசு பெற்றது.

கையை விட்டுப் போன படம்

இத்தனைக்கும் இடையே அவர் நெஞ்சில் ஒரு பெரிய படம் வளர்ந்துகொண்டிருந்தது. 1964 அளவில் தொடங்கிய அம்முயற்சி கதையும் பெயரும் மாறி, இறுதியில் 'திருடனும் செருப்புத் தைப்பவனும்' என்னும் பொருள்படும் 'தி தீஃப் அண்ட் தி காப்ளர்' ஆயிற்று. பாரசீக நுண்ணோவியங்களின் சாயலில், பெரும்பகுதிக்கு நொடிக்கு 24 ஓவியங்கள் வீதம், விளம்பரங்களில் வந்த பணத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு அது மெல்ல மெல்ல நகர்ந்தது. 1988இல் வெளியான 'ஹூ பிரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தின் கார்ட்டூன் பகுதிகளை இயக்கியதற்காக அவருக்கு இரு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அதன் பயனாகப் பெரும் நிறுவனம் ஒன்றின் ஆதரவும் கனவுப் படத்துக்குக் கிட்டியது.

ஆனால் பிறர் பணம் வந்தால் பிறர் குறித்த நாளும் கூடவே வரும். குறித்த நாளில் படம் முடியவில்லை. செலவும் வரம்பு கடந்தது. 1992ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ 15 நிமிடக் காட்சிகளே எஞ்சியிருந்த வேளையில், படம் முடித்துத்தரப்படும் என்று பிணை நின்ற நிறுவனம் அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பின்னர் வேறு கைகள் பாட்டுகளைச் சேர்த்து, காட்சிகளை வெட்டி, வேறு படமாகவே அதை வெளியிட்டன. ஏறக்குறைய முப்பது ஆண்டு உழைப்பு!

முழுப் பழியையும் பணம் போட்டவர்மேல் ஏற்ற எம் மனம் ஒப்பவில்லை. நன்றாக அமைந்த காட்சியையும் கிழித்துவிட்டு மீண்டும் வரையச் சொல்பவர் வில்லியம்ஸ். அவரிடம் வேலை செய்தோர் பட்ட பாடும் சிறிதன்று. ஆயினும் அந்த இழப்பின் கொடுமை அதனால் குறைந்துவிடாது. பல்லாண்டுகள் அப்படத்தைப்பற்றி அவர் வாய்திறக்கவேயில்லை.

படக்கூடம் மூடப்பட்டது. ஓவியங்களும் போயின. அறுபது வயதை நெருங்கிய அவரிடம் எஞ்சியது கைப்பழக்கம் ஒன்றே. தாம் முதியோரிடம் கற்றவற்றைப் பல நாடுகளிலும் வகுப்பெடுத்து இளைஞருக்குக் கற்பித்தார்; 2001இல் அவற்றை நூலாக்கினார். கணினியில் வேலை செய்வோரும் இன்று அந்நூலை மேசைமேல் வைத்திருக்கின்றனர். பிரிஸ்டல் நகரில் குடியேறி மீண்டும் பென்சிலைத் தீட்டினார்.

முன்னே குறிப்பிட்ட சர்க்கஸ் ஏடு அப்போதுதான் வெளிப்பட்டது. இருபது வயதில் ஸ்பெயினில் வரைந்த கோமாளிகளை எழுபத்தேழாம் வயதில் அசையவைத்து, 'சர்க்கஸ் டிராயிங்ஸ்' என்ற குறும்படமாக 2010இல் நிறைவு செய்தார். நினைத்துப் பாருங்கள்: அந்தச் சர்க்கஸ்காரர்களுள் பலர் அதற்குள் மறைந்திருப்பர், அவர்கள் காலூன்றி நின்ற விதம் மட்டும் ஏட்டிலே பத்திரமாக இருந்தது.

அடுத்து, பண்டைய கிரேக்க நாட்டுப் போர்வீரர்கள் மடிவதை ஒரு சிறுமி காண்பதாக அமைந்த 'ப்ரோலாக்' என்ற படம் 2015இல் வெளிவந்தது. ஆறு நிமிடம் ஓடும் அதற்காகச் சுமார் 6,000 ஓவியங்கள். எல்லாம் அவரே தம் கையால் பென்சில்கொண்டு வரைந்தவை. அது ஒரு நீண்ட படத்தின் தொடக்கமே. அந்நெடும்படத்துக்கு அவர் வேடிக்கையாக வைத்திருந்த பெயர், 'இதை முடிக்க நான் உயிரோடிருப்பேனா?' என்பது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், தம் 86ஆம் வயதில், பிரிஸ்டலில் உள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார். அன்று மாலை ஆறு மணி வரை வரைந்தும் எழுதியும் கொண்டிருந்தார் என்று அவருடைய மகள் தெரிவித்தார்.