இடது கண் இடம் மாறிய மீன்

மீனுக்குக் கண் எங்கே இருக்கும்? தலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அலாஸ்காவின் குளிர்ந்த கடலில் வாழும் ஹாலிபட் மீனும் முட்டையிலிருந்து வெளிவரும்போது அப்படித்தான் இருக்கிறது. மற்றக் குஞ்சுகளைப் போலவே நேராக நீந்தி, நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகிறது. உடம்பு சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் வளர்ந்ததும் வேடிக்கை ஆரம்பிக்கிறது. இடது கண் மெல்ல மெல்ல நகர்ந்து, உச்சந்தலையைத் தாண்டி, வலது கண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது! கண் மட்டும் தனியாகப் போவதில்லை, மண்டை எலும்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. ஆறு மாத வயதுக்குள் மீன் கடலடித் தரைக்கு இறங்கி, கண்ணில்லாத பக்கத்தைக் கீழே வைத்துப் படுத்துவிடும்.

கீழே இருக்கும் பக்கம் வெள்ளை. மேல் பக்கம் பச்சை கலந்த பழுப்பு, திட்டுத் திட்டாக. திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் சிவக்க விட்டு எடுத்த தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நிறங்களுக்கு வேலை இருக்கிறது. தரையில் கிடக்கும்போது மேலிருந்து பார்த்தால் மணலும் கல்லும்தான் தெரியும், மீன் தெரியாது. தரைக்கு ஏற்றபடி மேல் பக்கத்து நிறத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். இரை தேடி மேலே எழும்பும்போது, கீழே இருப்பவர்களின் கண்ணுக்கு அந்த வெள்ளைப் பக்கம் வெளிச்சமான நீரோடு கலந்துவிடும்.

தட்டையான மீனெல்லாம் ஹாலிபட் அல்ல. தூண்டில் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது கண் இருக்கும் பக்கத்தை. கண்கள் மேலே தெரியும்படி, கீழ்த்தாடை உங்கள் பக்கம் இருக்கும்படி மீனை வையுங்கள். தலை உங்கள் வலது கைப் பக்கம் இருந்தால் அது வலக்கண் மீன். ஹாலிபட் கிட்டத்தட்ட எப்போதுமே வலக்கண் மீன்தான். கண் தப்பான பக்கம் போன ஹாலிபட் மிக அபூர்வம். நம் ஊர் மீன் கடையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மாந்தல் மீனுக்குக் கண்கள் இடது பக்கம் இருக்கும். எருமைநாக்குக்கு ஒரு விதியும் இல்லை, சிலவற்றுக்கு இடது, சிலவற்றுக்கு வலது!

ஏமாற்றும் மீன் ஒன்று உண்டு. ஆரோடூத் என்று பெயர். அதுவும் வலக்கண் மீன்தான், ஹாலிபட் கிடைக்கும் அதே இடத்தில் அதே இரையைக் கடிக்கும். ஆனால் அதன் மேல் கண் தலையின் விளிம்பிலேயே நின்றுவிடும். வாயில் கூரிய பெரிய பற்கள். ஹாலிபட்டுக்கு வால் லேசாகப் பிறைபோல் உள்வளைந்திருக்கும், செதில் சிறிதாக வழவழவென்று இருக்கும். அடையாளம் தெரியாமல் ஆரோடூத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் சட்டியில் வைத்ததும் தெரிந்துவிடும். சூடுபடும்போது அதன் தசையில் உள்ள ஒரு நொதி புரதத்தைக் கரைத்து, துண்டு மீனைக் கூழாக்கிவிடும்.

சரி, பிடிப்பது எப்படி? மீன் தரையில் கிடப்பதால் தூண்டிலும் தரைக்குப் போக வேண்டும். அலாஸ்காவில் ஹோமர் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே கடல் ஏறி இறங்கும் அளவு சில நாட்களில் 8 மீட்டர் வரை போகும். அவ்வளவு தண்ணீர் வேகமாக ஓடும்போது அரை கிலோ ஈயக்குண்டு கூடத் தரையில் நிற்காது, இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஏற்றமும் வற்றமும் மாறுகிற, நீரோட்டம் ஓய்ந்த சிறிது நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். இரை ஹெர்ரிங் மீன், ஆக்டோபஸ் துண்டு, சால்மன் தலை. முள் வளையம்போல் உள்ளே வளைந்த வட்ட முள். மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நிதானமாகச் சுற்றினால் முள் வழுக்கி வந்து வாயோரத்தில் தானே மாட்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, அந்தக் கடற்கரையின் பழங்குடிகளான டிளிங்கிட், ஹைடா மக்கள் செய்த மரத் தூண்டில். இரண்டு மரத்துண்டுகளை வேரால் ‘வி’ வடிவில் கட்டுவார்கள். ஒன்று மிதக்கும் லேசான மரம், மற்றொன்று கனமான மரம். கல்லைக் கட்டி இறக்கினால் தூண்டில் தரையைத் தொடாமல் சற்று மேலே மிதந்து நிற்கும். கீழ்க் கையில் ஆக்டோபஸோ நீர்நாயோ செதுக்கியிருப்பார்கள், அந்த முகம் கீழே கிடக்கும் மீனைப் பார்த்தபடி இருக்கும். மேல் கையில் எலும்பு முள். கெட்டிக்காரத்தனம் அந்த இரண்டு கைகளுக்கு நடுவே விடும் இடைவெளியில் இருக்கிறது. சின்ன மீனின் வாய்க்குள் தூண்டில் நுழையாது. ராட்சத மீனின் தடித்த தாடை இடைவெளிக்குள் நுழையாது. நடுத்தர மீன் மட்டும் மாட்டும்.

ராட்சத மீன் என்றால் எவ்வளவு பெரிது? தூண்டிலில் பிடித்த உலகச் சாதனை ஹாலிபட் 208 கிலோ, 1996-ல் அலாஸ்காவின் டச்சு ஹார்பர் பக்கம் கிடைத்தது. ஆண் மீன் 45 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே இந்த மாதிரி பெரிய மீன் கிட்டத்தட்ட எல்லாமே பெண். அத்தனை பெரிய மீனை உயிரோடு படகில் ஏற்றவும் மாட்டார்கள், துள்ளினால் வால் அடியில் ஆள் கால் முறிந்துவிடும்.

முட்டையிடும் பெரிய தாய்களைத் திரும்ப விட்டுவிடும் தூண்டில்காரர்கள் பலர். விட்டால் பிழைக்குமா? அதே ஆழத்தில் பிடிபடும் ராக்ஃபிஷ் பெரும்பாடு படும். அதன் உடம்பில் காற்றுப்பை இருக்கிறது. மேலே வர வர நீர் அழுத்தம் குறைந்து பை ஊதிப் பெருத்து, கண் பிதுங்கிவிடும். அப்படியே விட்டால் மீனால் கீழே போக முடியாது. அதனால் எடை கட்டிய ஒரு கருவியில் மாட்டி, ஆழத்துக்கு இறக்கித்தான் விடுவார்கள். வளர்ந்த ஹாலிபட்டுக்குக் காற்றுப்பையே கிடையாது. தரையில் படுத்திருக்கிறவருக்கு மிதவை எதற்கு? முள்ளைக் கழற்றிவிட்டால் போதும், தானே கீழே போய்விடும்.