ஆதன் என்றால் அறிவில்லாதவனா?

தங்கைக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்தது. "அண்ணா, நீதான் கல்வெட்டு, பானை ஓடுன்னு எதையாவது படிச்சிட்டே இருக்கியே, நல்ல பழைய தமிழ்ப் பேரா ஒண்ணு சொல்லேன்" என்றாள். ரொம்ப யோசிக்காமல் நான் சொன்ன பெயர் ஆதன். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் உடனே பிடித்துப் போனது.

ரெண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து போன். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். "தம்பி, அகராதியைப் பாத்தீங்களா? ஆதன்னா அறிவில்லாதவன், குருடன்னு போட்டிருக்கு. என் பேரனை ஆயுசுக்கும் அப்படிக் கூப்பிடச் சொல்றீங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. உயிர், ஆன்மா என்ற நல்ல பொருள்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் அறிவில்லாதவன் என்பதும் இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பிறகு ஒரு வாரம் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை, பி.ஈ. முடித்துவிட்டு புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் பெயருக்கு எதிரே ஒரு வரி போட்டிருப்பார்களே, அதை நம்பவே முடியாது. ஆரவ் என்றால் அமைதியானவன் என்று போட்டிருக்கும். சமஸ்கிருத அகராதியில் 'ஆரவ' என்றால் சத்தம், கூச்சல். (ராத்திரி ரெண்டு மணிக்கு எந்தக் குழந்தைக்கும் பொருந்தும்.) ரியானுக்கு 'குட்டி ராஜா' என்பார்கள். அது அயர்லாந்துக் குடும்பப் பெயராகவும் இருக்கலாம், அரபியில் நீர்வளம் மிக்க, தாகம் தீர்ந்த என்ற பொருளுள்ள ரய்யானாகவும் இருக்கலாம். எது என்று பட்டியல் சொல்லாது.

சரி, நல்ல அகராதியாகவே பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. சொல்லின் வேர் ஒன்று, பெயரின் வரலாறு இன்னொன்று. கபிலன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கபில' வடசொல், பழுப்பு கலந்த செந்நிறம் என்று பொருள். அகராதியோடு நின்றால் "பழுப்பன்" என்று முடிந்துவிடும். ஆனால் பையனுக்குக் கபிலன் என்று வைக்கிற தமிழ் அப்பாவுக்கு நிறமா ஞாபகம் வருகிறது? பாரியின் நண்பர்தானே வருகிறார்?

அதே கபிலர் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் பாடிய சேர அரசனின் பெயர் செல்வக் கடுங்கோ வாழியாதன். ஆக, ஆதன் அரசர்கள் வைத்துக்கொண்ட பெயர். கரூர் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக்குப் போனால் பாறையிலேயே பார்க்கலாம். சமணத் துறவி ஒருவருக்குக் குகைத்தளம் வெட்டிக் கொடுத்த செய்தியைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டு அது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வருகிறது.

அரசர்கள் மட்டும் இல்லை. கீழடி நான்காம் கட்ட அகழாய்வு பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் தமிழி எழுத்துள்ள 56 பானை ஓடுகள் சொல்லப்பட்டன. அவற்றில் ஆதன் உண்டு, குவிரன் ஆதன் உண்டு. சட்டி பானையில் தன் பெயரைக் கீறி வைத்துக்கொண்ட யாரோ ஒருவர். அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்கிற பழைய முறையில் படித்தால் 'குவிரன் மகன் ஆதன்'. நம் இனிஷியல் மாதிரிதான். ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டுகளும் ஆதனையும் அவினியையும் வாழ்த்திவிட்டுத்தான் ஆரம்பிக்கின்றன. பெயருக்கு முன்னால் பத்துத் தடவை 'வாழி' போட்டிருக்கிறார்கள். அறிவில்லாதவன் என்று தோன்றியிருந்தால் போட்டிருப்பார்களா?

அப்புறம் எப்படி அந்தப் பொருள் வந்தது? ரெண்டு விதமாக யோசிக்கலாம். ஒன்று, சொல்லின் மதிப்பு காலப்போக்கில் இறங்கியிருக்கலாம். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது, இன்றைக்குச் சொன்னால் மூக்கைப் பொத்துவோம். இன்னொன்று, அவை ரெண்டும் வேறு வேறு சொற்களாக இருந்து எழுத்தில் மட்டும் ஒன்றாக இருக்கலாம். எங்கள் தொழிலில் நேம்ஸ்பேஸ் என்போம். ஒரே பெயர் ரெண்டு இடத்தில் ரெண்டு வேறு பொருளைக் குறிக்கும், குழப்பிக்கொண்டால் புரோகிராம் கவிழும். எனக்கு இந்த ரெண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் மக்கள் பெயராக வரும் இடங்களில் அந்த மட்டமான பொருளின் சாயல்கூட இல்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ராஜா வெச்சுக்கலாம் தம்பி, பள்ளிக்கூடத்துல பசங்க அகராதியைத்தானே பாப்பாங்க" என்றார். நியாயமான கேள்வி.

அப்போதுதான் பிசிராந்தையார் கைகொடுத்தார். கோப்பெருஞ்சோழனைப் பார்க்காமலே நட்பு கொண்டவர். பிசிர் அவர் ஊர். ஆந்தை? பறவை இல்லை. தொல்காப்பியம் எழுத்ததிகாரம் புள்ளிமயங்கியலில் ஒரு விதி இருக்கிறது. இயற்பெயரோடு 'தந்தை' சேரும்போது சுருங்கும். சாத்தன் தந்தை சாத்தந்தை, கொற்றன் தந்தை கொற்றந்தை. ஆதன், பூதன் ரெண்டுக்கும் தனியாகவே விதி, இன்னும் சுருங்கி ஆந்தை, பூந்தை ஆகும். அதாவது பிசிராந்தையார் என்றால் பிசிர் ஊர் ஆதனின் அப்பா. அவருடைய சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. மகன் பெயரால்தான் இரண்டாயிரம் வருடமாக நிற்கிறார். இலக்கணத்தில் தனி விதி போடும் அளவுக்கு அந்தப் பெயர் புழங்கியிருக்கிறது.

இன்னும் கேளுங்கள். வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191ஆவது பாட்டு. மனைவி நல்லவள் என்று சொல்லும்போதே, பிள்ளைகளும் நிரம்பியவர்கள் என்கிறார். அறிவு நிரம்பியவர்கள் என்றுதான் உரை சொல்கிறது. ஆதன் அறிவில்லாதவன் இல்லை என்பதற்கு அவன் அப்பாவின் வாக்குமூலமே இருக்கிறது.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அந்தப் பாட்டை எழுதி அனுப்புங்க" என்றார். அனுப்பினேன்.

மிச்சமிருப்பது ஆங்கில எழுத்துக்கூட்டு. 'டி'க்குப் பிறகு 'ஹெச்' போட்டால், முதலில் ஒரே 'ஏ' இருந்தால், தொழுகை அழைப்பான அதான் என்று வாசிப்பார்கள். 'ஹெச்' இல்லாமல் விட்டால் ஆடன். ரெண்டு 'ஏ' போட்டு 'டி ஹெச்' என்று முடிவாகியிருக்கிறது. இதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும், பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தாத்தா இதை என்னிடமே ரெண்டு முறை சரிபார்த்துக்கொண்டார்.

நேற்று போனில் கூப்பிட்டபோது மாப்பிள்ளை கண் சிவந்து உட்கார்ந்திருந்தாராம். பையன் பகலில் தூங்குகிறான், ராத்திரி முழுக்க விழிப்பு. "பேரு வெச்ச நேரம் அண்ணா, உங்க மாப்பிள்ளை நெஜமாவே ஆந்தை ஆயிட்டார்" என்கிறாள் தங்கை.