மைதா இல்லாத பீட்சா

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 11 வருடம் ஆகிறது. பேத்தியின் பிறந்தநாளுக்கு வீட்டில் பீட்சா வாங்கிய அன்று, தன் துண்டின் மேலே இருந்த சீஸையும் குடைமிளகாயையும் ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டார். அடியில் இருந்த ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் ஒதுக்கிவைத்தது சரியான பகுதியைத்தான். பீட்சாவில் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் மேலே தூவுவது அல்ல, அடியில் இருக்கும் மாவு. அந்த அடியை மட்டும் மாற்ற முடிந்தால் அவரும் எங்களோடு கடைசிவரை உட்கார்ந்து சாப்பிடலாமே என்றுதான் இதில் இறங்கினேன்.

பீட்சாவின் சொந்த ஊரான இத்தாலியின் நேப்பிள்ஸில் ஓர் ஆளுக்கு ஒரு பீட்சா. அதற்கான மாவு உருண்டை 200 முதல் 280 கிராம் வரை இருக்கும். 250 கிராம் உருண்டை என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய 155 கிராம் மைதா, மீதி தண்ணீரும் உப்பும் ஈஸ்ட்டும். 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து சுமார் 75 கிராம். ஆக, அந்த ஒரு பேஸில் மட்டும் 115 கிராம் மாவுச்சத்து. நம் கணக்கில் சொன்னால் ஒரே வேளையில் பன்னிரண்டு இட்லி சாப்பிடுவதற்குச் சமம். அதுவும் நன்றாக வெந்து குழைந்த மாவுச்சத்து என்பதால் செரிமான நொதிகள் அதைச் சீக்கிரமே உடைத்து குளுக்கோஸாக்கிவிடும்.

"மைதா வேண்டாம், கோதுமையிலோ கேழ்வரகிலோ போட்டுக்கொள்ளலாமே" என்று பலரும் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். கோதுமை மாவிலும் கேழ்வரகு மாவிலும் நார்ச்சத்து கூடுதல், சந்தேகமில்லை. ஆனால் 100 கிராமுக்கு மாவுச்சத்து இரண்டிலும் 70 கிராமை ஒட்டித்தான் வரும். சிறுதானியம் என்ற பெயரை நம்பி வயிறு நிறைய சாப்பிட்டால் சர்க்கரை மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது. மாவுச்சத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தானியத்தையே விட்டு வெளியே வர வேண்டும்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் விட்டுப் பிசையும்போது இவை கைகோத்து குளூட்டன் என்ற வலையாகின்றன. ஈஸ்ட் விடும் காற்று அந்த வலையில் மாட்டிக்கொள்வதால் மாவு உப்புகிறது, இழுத்தால் அறுந்துபோகாமல் நீள்கிறது, வெந்த பிறகு சாஸின் எடையைத் தாங்குகிறது. மைதாவை எடுத்துவிட்டால் இந்த வேலைகளை வேறு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். மாற்று பேஸ் ஒவ்வொன்றையும் நான் பார்ப்பது இந்தக் கண்ணோடுதான்: இதில் பிடித்துவைப்பது எது, நீரை என்ன செய்வது?

காலிஃபிளவரை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் மாவுச்சத்து 5 கிராம்தான், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. மிச்சமெல்லாம் கிட்டத்தட்ட தண்ணீர், 92 சதவீதம். முதல் தடவை நான் செய்தது பேஸாகவே வரவில்லை, தட்டில் கொழகொழவென்று உப்புமா மாதிரி கிடந்தது. காரணம் அந்தத் தண்ணீர்தான். அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட பக்குவம் இது. 350 கிராம் பூவைத் துருவி, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு பிழிந்தால் கை வெந்துபோகும். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, தேங்காய்ப்பால் பிழிவதுபோல முறுக்கிப் பிழிய வேண்டும். ஒரு டம்ளர் நிறைய இளமஞ்சள் நிற நீர் இறங்கும். இனி சொட்டாது என்று தோன்றிய பிறகும் துணியைப் பிரித்து, கிளறிவிட்டு, இன்னொரு முறை பிழியுங்கள். அந்த இரண்டாவது பிழிவில்தான் பேஸின் தலையெழுத்து இருக்கிறது. கையில் மிஞ்சுவது ஈரமில்லாத புட்டு மாதிரி உதிர வேண்டும்.

அதில் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி துருவிய மொசரெல்லா, உப்பு, மிளகு சேர்த்துப் பிசைந்து, பேக்கிங் தாளில் கால் அங்குல கனத்துக்குத் தட்டுங்கள். இங்கே குளூட்டனின் வேலையைச் செய்வது முட்டைப் புரதமும் சீஸும். சூடு பட்டதும் முட்டைப் புரதம் இறுகித் துருவலைக் கட்டிப்போடும். 210 டிகிரி ஓவனில் சாஸ் எதுவும் போடாமல் வெறுமனே 20 நிமிடம் வேகவிட்டு, திருப்பிப்போட்டு இன்னும் ஐந்து நிமிடம். ஓரம் பழுப்பேறிய பிறகுதான் மேலே சாஸ். மொத்த பேஸிலும் மாவுச்சத்து 20 கிராமைத் தாண்டாது. 115 எங்கே, 20 எங்கே!

கடையில் காலிஃபிளவர் பேஸ் என்று விற்பதை வாங்கும்போது மட்டும் நிதானம் தேவை. உடையாமல் இருப்பதற்காக அரிசி மாவோ மரவள்ளி மாவோ சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்த்ததில் மாவுச்சத்து மைதா பேஸுக்கு அருகிலேயே போய்விடலாம். முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் கார்போஹைட்ரேட் எத்தனை கிராம் என்று போட்டிருப்பதைப் படியுங்கள்.

கடித்தால் ரொட்டி மாதிரி இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஃபேட்ஹெட் மாவு. டாம் நாட்டன் 2009-இல் எடுத்த ஃபேட் ஹெட் என்ற ஆவணப்படத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 170 கிராம் மொசரெல்லாவை இரண்டு ஸ்பூன் கிரீம் சீஸோடு உருக்கி, 85 கிராம் பாதாம் மாவும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசைவது. இதன் சூட்சுமம் மொசரெல்லாவில் இருக்கிறது. பாலின் கேசின் புரதத்தைக் கால்சியம் ஒன்றோடொன்று பிணைத்துவைத்திருக்கிறது. மொசரெல்லா செய்யும்போது புளிப்பேற்றுவதால் கால்சியத்தில் ஒரு பங்கு கழன்று, பிணைப்பு தளர்கிறது. அதனால்தான் சுடுநீரில் இழுத்தால் நூல்நூலாக நீள்கிறது. குளூட்டன் வலையின் இடத்தில் இந்தக் கேசின் வலை வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாவு ஆறினால் விறைத்துப்போகும், அப்போது லேசாகச் சூடாக்கினால் மறுபடி இளகும். கையை நனைத்துக்கொண்டு தட்டினால் ஒட்டாது.

முழு பேஸுக்கும் மாவுச்சத்து 20-25 கிராம்தான், ஆனால் கலோரி 1,100-ஐத் தாண்டும். இதை மூன்று நான்கு பேர் பகிர்ந்து சாப்பிட வேண்டும். சர்க்கரை ஏறாது என்பதற்காக ஒருவரே முழுதையும் சாப்பிடுவது நல்லதல்ல.

என் விருப்பம் என்னவோ கடலை மாவுதான். இத்தாலியின் லிகூரியாவில் ஃபாரினாட்டா என்றும், பக்கத்தில் பிரான்சின் நீஸ் நகரில் சோக்கா என்றும் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, பெரிய தாமிரத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுகிறார்கள். அடை வார்த்துப் பழகிய கைக்கு இது புதிதே இல்லை. 60 கிராம் மாவில் ஒரு பேஸ் வரும், மாவுச்சத்து சுமார் 35 கிராம். காலிஃபிளவரைவிட அதிகம்தான். ஆனாலும் பருப்பின் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும், கூடவே புரதமும் நார்ச்சத்தும் வருகின்றன. சீஸ் வேண்டாம், ஓவன் வேண்டாம், முட்டை சாப்பிடாதவர்களுக்கும் ஆகும். மூடி போட்டு தோசைக்கல்லிலேயே முடித்துவிடலாம். மாவு அதிகம் நீர்த்துப்போனால் ஒரு ஸ்பூன் இசப்கோல் உமி போதும். அந்த உமி நீரை உறிஞ்சிக் கூழாகி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

எந்த பேஸாக இருந்தாலும் மேலே கெட்சப் ஊற்றாதீர்கள், அதில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை. தக்காளியைப் பூண்டோடு வதக்கி மசித்தாலே சாஸ் தயார்.

பீட்சா சாப்பிட்டவர்களின் சர்க்கரை நடந்துகொள்ளும் விதமும் தனி. சீஸின் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதனால் இரண்டு மணி நேரத்தில் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து ஏறலாம். இரவில் சாப்பிட்டால் படுக்கும் முன் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்கள் நாள்தோறும் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயமும் இருக்கிறது. உணவை அடியோடு மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு பீட்சா உண்டு. காலிஃபிளவரைத் துருவி வைத்தால் துணியில் கட்டிப் பிழிவது அவர்தான். இரண்டாவது முறை பிழிந்த நீர் எவ்வளவு என்று டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார்.