ஏக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: ஒரு சமூகவியல் நோக்கு

ஆங்கிலத்தில் ஏக்கவுணர்வைச் சுட்டும் சொற்கள் பல. அவை அனைத்தையும் நாம் பெரும்பாலும் ‘ஏக்கம்’ என்றே பெயர்த்துவிடுகிறோம். ‘லோங்கிங்’ என்பது நீட்சியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. எட்டாத ஒன்றை நெடிது அவாவிநிற்றலை உணர்த்துவது. ‘யேர்னிங்’ அதனினும் ஆழ்ந்தது, கனிவு கலந்தது.

‘நொஸ்ரால்ஜியா’வின் வரலாறோ வேறு. 1688 இல் பாசல் நகரில் ஜொகானஸ் ஹோஃபர் என்பார் தமது மருத்துவ ஆய்வேட்டில், வீடுதிரும்பல், வேதனை எனும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை இணைத்து ஆக்கிய நோய்ப்பெயர் அது. அந்நிய மன்னர்களின் கூலிப்படைகளிற் சேர்ந்த சுவிற்சர்லாந்தினரின் நோயாகப் பின்னர் அது பேர்பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதும் (1861–65) இராணுவ மருத்துவர் அதனை நோயாகவே பதிந்தனர். பிழைப்புக்காகவும் போருக்காகவும் மண்ணினின்று பெயர்க்கப்பட்டோரின் துயர், மருத்துவத்தின் கண்களுக்கு உடற்கோளாறாகவே தோன்றியது.

இருபதாம் நூற்றாண்டில் அச்சொல் இடத்தை விடுத்துக் காலத்தைப் பற்றிக்கொண்டது. ஊரை எண்ணிய வேதனை, கடந்த காலம் பற்றிய இனிய நினைவாயிற்று. விளம்பரம் அதனை விற்பனைச் சரக்காகவும் ஆக்கிற்று. எனவே இச்சொல்லை மொழிபெயர்ப்போர், அது வழங்கிய காலத்தையும் அதனை வழங்கிய வர்க்கத்தையும் முதலில் வினவுதல் வேண்டும். அகராதி பொருளைத் தரும்; அப்பொருள் மாறிய காரணத்தைச் சமூக வரலாறே தரும்.